மூன்று நிமிடக் கஞ்சி

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகிற சாலையில் காடாம்புலியூர் வந்துவிட்டதைத் தெரிந்துகொள்ள ஊர்ப்பலகையைத் தேட வேண்டியதில்லை. பருவத்தில் சாலையோரம் பலாப்பழம் குவிந்து கிடக்கும். மற்ற நாட்களில் முந்திரிப் பருப்புக் கடைகள். முழுசு, பாதி, உடைசல் என்று தரம் பிரித்துப் பைகளில் கட்டி வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் செம்மண். இன்னும் தெற்கே போனால் நெய்வேலி ஆர்ச் கேட், அதையும் தாண்டினால் வடலூர்.

இந்த ஊரில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். மகன் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. முதல் ஷிப்டு என்றால் விடியுமுன் கிளம்பியாக வேண்டும். அவனுடைய அப்பாவுக்குச் சர்க்கரை. அம்மா முப்பது வருடம் முந்திரிக்கொட்டை உடைத்தவர்; ஓட்டுக்குள் இருக்கும் பால் பட்டுப் பட்டு விரல்நுனித் தோல் உரிந்து உரிந்து வளர்ந்தது. மருமகள் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கிறபோது நாலரை மணி.

சிறு டம்ளரில் ஒரு டம்ளர் ஓட்ஸ், ஐந்து டம்ளர் தண்ணீர். நாலு பல் பூண்டு, அரைக் கரண்டி வெந்தயம், ஒரு சிட்டிகைச் சீரகம். தண்ணீர் கொதித்ததும் ஓட்ஸைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை விட்டு நகர முடியாது. முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு திடீரென்று நுரை கட்டி விளிம்புவரை ஏறி வரும். அசந்தால் அடுப்பில் வழிந்து பர்னர் அடைத்துக்கொள்ளும். அவள் தீயைத் தணித்து, அகப்பையை அடிவரைக்கும் விட்டுத் துழாவுகிறாள். பாக்கெட்டில் மூன்று நிமிடம் என்று போட்டிருக்கிறது. அவள் அதை நம்புவதில்லை. பன்னிரண்டு நிமிடம் வைக்கிறாள். நீர் வேறு ஓட்ஸ் வேறு என்று பிரிந்து நிற்காமல் இரண்டும் சேர்ந்து கரண்டியிலிருந்து நிதானமாக வழிய வேண்டும், அதுதான் பதம். உப்பு கடைசியில். பிறகு ஒரு கை முந்திரி உடைசலை அரைத்து, பாலாகக் கரைத்து ஊற்றி, ஒரே கொதியில் இறக்குகிறாள். வேறு ஊர்களில் பாயசத்துக்கு எண்ணிப் போடுகிற பருப்பு இங்கே கஞ்சிக்குக் கைப்பிடிக் கணக்கு.

மாமியார் ஆற்றிக் குடித்துப் பார்த்தார். “கம்மங்கூழு மாதிரியேதான் கொழகொழன்னு இருக்கு” என்றார். கொஞ்சம் கழித்து, “ஆனா இத எவளும் இடிக்கலியே” என்றார்.

ஓட்ஸ் தமிழ்நாட்டு அடுக்களைக்குள் எப்படி நுழைந்தது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் விளம்பரத்தைச் சொல்வார்கள், டாக்டரைச் சொல்வார்கள், மேல்நாட்டு மோகத்தைச் சொல்வார்கள். எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த அம்மாள் சொன்ன காரணம்தான் மூலகாரணம். உரலையும் உலக்கையையும் கணக்கில் எடுக்காமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

கம்பு எப்படிக் கூழாகும் என்பதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பைத் தண்ணீர் தெளித்துப் பிசறி வைப்பார்கள். ஈரம் ஏறியதும் உரலில் போட்டுக் குத்த வேண்டும். மேல்தோல் தவிடாகப் பிரியும். முறத்தில் கொட்டிப் புடைக்க வேண்டும். மறுபடி உரலில் போட்டு இடித்து, சலித்து, நொய்யை ஒருபக்கமும் மாவை ஒருபக்கமும் எடுக்க வேண்டும். நொய்யைக் கொதியில் விட்டு, அது வெந்தபின் மாவைக் கரைத்து ஊற்றித் துடுப்பால் கிண்ட வேண்டும். களை பறித்தோ கொட்டை உடைத்தோ திரும்பிய உடம்பு சாயங்காலம் செய்கிற வேலை இது. உலக்கை போடுகிறவள் தோள்பட்டை வலியோடு படுப்பாள். மறுநாளும் இதே.

இதில் ஒரு கேள்வி இருக்கிறது. பத்து நாளைக்கு வேண்டிய மாவை ஒரேயடியாக இடித்து வைத்துக்கொள்ள மாட்டார்களா? மாட்டார்கள். கம்பு மாவு ஒரு வாரம் தாங்கினாலே அதிகம். சிக்குவாடை அடிக்கும், கசக்கும். அரிசியில் கொழுப்பு ஒரு விழுக்காடுகூட இருக்காது. கம்பில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல். முழுத் தானியமாக இருக்கும்வரை அந்தக் கொழுப்பும் அதைச் சிதைக்கும் லைபேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. இடித்த கணமே சுவர் இடிந்து இரண்டும் கலந்துவிடுகின்றன. அன்றன்றைக்கு இடித்தது பெண்களின் சுறுசுறுப்பைக் காட்டுகிறது என்று பழம்பெருமை பேசுகிறவர்கள் சொல்லக்கூடும். லைபேஸ் அவர்களை இடிக்க வைத்தது.

ஓட்ஸுக்கும் இதே நோய் உண்டு. சொல்லப்போனால் இன்னும் மோசம்: கொழுப்பு ஏழு விழுக்காடு அளவுக்கு இருக்கும், நொதியும் வீரியமானது. உமி நீக்கி அப்படியே அரைத்து வைத்தால் சில நாளில் கசந்துவிடும். அதனால்தான் ஆலையில் ஓட்ஸ் மணியை ஆவியில் வேகவைத்து, சூடேற்றி உலர்த்திவிடுகிறார்கள். நொதி செத்துவிடுகிறது. பிறகு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்குகிறார்கள். நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்துத் தட்டையாக்கினால் அவல். ஓட்ஸ் என்று நாம் பாக்கெட்டில் வாங்குவதும் அவல்தான், வேறு தானியத்து அவல். மெல்லவலாக நசுக்கினால் மூன்று நிமிடத்தில் வேகும். கெட்டியாக விட்டால் பத்து நிமிடம். நசுக்காமல் இரண்டு மூன்று துண்டாக வெட்டினால் நொய், அதற்கு அரைமணி வேண்டும். ‘ஸ்டீல் கட்’ என்று கூடுதல் விலைக்கு விற்பது இந்த நொய்யைத்தான்.

அமெரிக்காவில் குவேக்கர் என்ற பெயரும் தொப்பிக்காரர் படமும் 1877இல் வணிகமுத்திரையாகப் பதிவானபோது, காலை உணவுத் தானியத்துக்கு அங்கே கிடைத்த முதல் முத்திரை அதுதான். அதற்குமுன் மளிகைக் கடைப் பீப்பாயில் திறந்து கிடந்த பண்டம், பெட்டிக்குள் அடைபட்டு அலமாரி ஏறியது. மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது. ஆவி பிடித்த தானியத்துக்குக் கிடைத்த வாழ்வு.

அகராதி பார்த்து எழுதுகிறவர்கள் ஓட்ஸைக் காடைக்கண்ணி என்று எழுதுகிறார்கள். காடாம்புலியூர்க் கடையில் போய்க் காடைக்கண்ணி ஒரு பாக்கெட் கேட்டால் கடைக்காரர் காடை முட்டையை எடுத்து நீட்டினாலும் ஆச்சரியமில்லை. இந்த வட்டாரத்தின் பேச்சைக் காதால் கேட்டுக் கேட்டு நடுநாட்டுச் சொல்லகராதி தொகுத்தவர் மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன். அடுத்த பதிப்பில் ஓட்ஸுக்கு இடம் கொடுத்தால் ‘ஓட்சு’ என்றே கொடுக்கலாம். இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வடஇந்தியாவில், பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசப் பக்கம், இது புதிய பயிரில்லை. பெரும்பாலும் மாட்டுக்குப் பசுந்தீவனம். மனிதர் தின்கிற ஓட்ஸில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வருகிறது. மாட்டுத்தீனியை மனுஷன் தின்பதா என்று சிரிக்கிறவர்களுக்குத் துணையாக ஓர் ஆங்கில அகராதியே உண்டு. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில், இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுகிற இந்தத் தானியத்தைத்தான் ஸ்காட்லாந்தில் ஜனங்கள் தின்று பிழைக்கிறார்கள் என்ற பொருளில் ஒரு குத்தல் இருக்கிறது. கேழ்வரகுக் களியைப் பார்த்து அரிசிச்சோற்றுக்காரர்கள் பேசிய பேச்சும் இதே தினுசுதான்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் அந்தக் கேலியைப் பொருட்படுத்தவில்லை. கார்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் 1994 முதல் உலகக் கஞ்சிப் போட்டி நடத்துகிறார்கள். மரபுப் பிரிவில் ஓட்ஸ், தண்ணீர், உப்பு, அவ்வளவே. பாலோ சர்க்கரையோ தொட்டால் அந்தப் பிரிவில் இடமில்லை. வென்றவருக்குக் கிடைப்பது பொன்னிறக் கிண்டுகோல். அவர்கள் கஞ்சி கிண்டுகிற கோலுக்கு ஸ்பர்ட்டில் என்று பெயர். நம்முடைய துடுப்பில் தட்டையான நுனியை வெட்டிவிட்டால் மிச்சமிருப்பது அதுதான். இன்னொன்றும் உண்டு. ஓட்ஸ் அரைத்தபின் உமியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மாவை வீணாக்காமல், தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, வடித்துக் காய்ச்சிக் குடிப்பது அவர்கள் வழக்கம். சோவன்ஸ் என்பார்கள். கேழ்வரகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்கவிட்டு நொய்யோடு சேர்த்துக் கூழ் காய்ச்சுகிற ஆடிமாதத்துக்காரிக்கு அதை ஒரு வாய் கொடுத்தால் சின்ன வெங்காயம் எங்கே என்று கேட்பாள்.

கஞ்சி என்ற சொல்லே கப்பலேறிப் போனது. கோவாவில் இருந்த போர்ச்சுக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் அச்சிட்ட மூலிகை நூலில் அது ‘கான்ஜெ’ என்று இடம்பெற்றிருக்கிறது. போர்ச்சுக்கலில் இன்றைக்கும் அரிசி போட்டுக் காய்ச்சுகிற கோழிச்சாற்றுக்குக் கான்ஜா என்றுதான் பெயர். ஆங்கிலத்தில் அது காஞ்ஜி ஆகி, சீனர்களின் அரிசிக் கஞ்சிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கஞ்சியைக் கொண்டுபோன அதே போர்ச்சுக்கீசியர்தான் பிரேசிலிலிருந்து முந்திரியை இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள். காடாம்புலியூர்க் கிண்ணத்தில் அந்த இரண்டும் தற்செயலாகச் சேர்ந்திருக்கின்றன. மூன்றாவதாக ஆஸ்திரேலிய ஓட்ஸ்.

ஆனால் சொல் வெளியூரில் பெற்ற மரியாதையை உள்ளூரில் பெறவில்லை. கஞ்சிக்கு வழியில்லாதவன், கஞ்சித்தொட்டி, காய்ச்சல் கஞ்சி: தமிழில் அந்தச் சொல் நடமாடுகிற இடங்களைப் பார்த்தாலே தெரியும். 1876-78 தாதுப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டிக்கு முன்னால் வரிசையில் நின்ற நினைவு இன்னும் முழுக்கப் போகவில்லை. தறி நின்றுபோன காலங்களில் நெசவாளர் ஊர்களில் கஞ்சித்தொட்டி திறந்தார்கள் என்றால், பட்டினி என்பதை ஊருக்கு அறிவிக்க அதைவிட அழுத்தமான வழி இல்லாததால்தான். இந்தச் சாலையின் தெற்கு முனையில், வடலூரில், 1867 மே 23 அன்று வள்ளலார் தருமசாலையைத் தொடங்கினார். முந்தைய ஆண்டுதான் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளையும் பஞ்சம் உலுக்கியிருந்தது. அன்று ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசி என்றால் என்ன என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே ஓட்ஸ் செய்த இன்னொரு வேலையையும் குறிப்பிட வேண்டும். கஞ்சி குடிப்பதன் வெட்கத்தை அது நீக்கிவிட்டது. ‘காலையில கஞ்சிதான்’ என்று பக்கத்து வீட்டில் சொல்லத் தயங்குகிறவர் ‘காலையில ஓட்ஸ்தான்’ என்று நிமிர்ந்து சொல்கிறார். ரெண்டும் ஒரே பண்டம். ரம்ஜான் நோன்புக் கஞ்சியில்கூட அரிசி நொய்க்குப் பதிலாக ஓட்ஸ் போடுகிற வீடுகள் வந்துவிட்டன. அங்கே அந்தப் பெயர் மாறவில்லை, நோன்புக் கஞ்சி நோன்புக் கஞ்சியாகவே இருக்கிறது. வெட்கம் ஒருபோதும் தீண்டாத கஞ்சி அது.

கஞ்சிக்குத் தீ முக்கியம். நெய்வேலிக்காரர்களில் வயதானவர்களிடம் லெக்கோ என்று சொல்லிப் பார்க்கலாம், முகம் மலரும். பழுப்பு நிலக்கரி மண்ணுக்குள்ளிருந்து வரும்போது பாதிக்குப் பாதி தண்ணீர். அதை உலர்த்தி, அச்சில் அழுத்தி, காற்றுப்படாமல் சுட்டு நெய்வேலியில் தயாரித்த கரிக்கட்டிக்கு லெக்கோ என்று பெயர் வைத்திருந்தார்கள். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956இல் பிறந்தது. மின்சாரம், யூரியாவோடு வீட்டு அடுப்புக்கான இந்தக் கரியும் அதன் உற்பத்தியில் ஒன்றாக இருந்தது. பிடித்துக்கொள்ள நேரமாகும், பிடித்துவிட்டால் புகையில்லாமல் நெடுநேரம் கனலும். ராத்திரிச் சமையல் முடிந்து கனன்று கிடக்கிற லெக்கோவின் மேல் பானையை ஏற்றிவைத்துவிட்டால் விடியற்காலையில் நொய் குழைந்திருக்கும். கிண்ட ஆள் வேண்டாம். அந்த ஆலை இப்போது இல்லை. கேஸ் அடுப்பின் தீ அவசரக்காரத் தீ. சிம்மில் வைத்தாலும் நடுவில் மட்டும் சுடும், ஓரம் ஆறும். ஓட்ஸ் மெல்லவல் அந்தத் தீக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

டாக்டர் சொன்ன விஷயத்துக்கு வரலாம். ஓட்ஸைக் கிண்டும்போது ஏற்படுகிற அந்தக் கொழகொழப்புதான் மருந்து. பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார். குடலில் கூழ்போல் பரவி, பித்தநீரைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. கல்லீரல் புதிதாகப் பித்தநீர் செய்ய ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சர்க்கரை ரத்தத்தில் கலக்கிற வேகமும் குறைகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் இதைப் பாக்கெட்டின் மேல் சொல்லிக்கொள்ள அனுமதித்தபோது, நாளொன்றுக்கு மூன்று கிராம் பீட்டா குளுக்கான் என்று கணக்குச் சொன்னது. மூன்று கிராம் வேண்டுமென்றால் 60 முதல் 75 கிராம் ஓட்ஸ் சாப்பிட வேண்டும். பாக்கெட்காரர்கள் ஒரு வேளைக்குச் சொல்கிற அளவு 40 கிராம் போல. இரண்டு ஸ்பூன் ஓட்ஸைப் பாலில் தூவி, மேலே மூன்று ஸ்பூன் சர்க்கரையும் போட்டுக் குடித்துவிட்டு மருந்து சாப்பிட்டதாக நினைத்துக்கொள்கிறவர்களை யாரும் காப்பாற்ற முடியாது.

நசுக்கல் கூடக்கூட, சர்க்கரை ஏறுகிற வேகமும் கூடும். நொய்யாக வெட்டிய ஓட்ஸ் மெதுவாகச் செரிக்கும். மிக மெல்லிய உடனடி ரகம் வெள்ளை அரிசிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மசாலாத் தூள் சேர்த்த சின்னச் சின்னப் பாக்கெட்டுகளில் உப்பு எவ்வளவு என்று பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர் கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் படித்துவிடுவது நல்லது. சர்க்கரை இருக்கிற அந்தப் பெரியவரின் வீட்டில் காய்ச்சுவது பூண்டு வெந்தயம் போட்ட உப்புக் கஞ்சிதான். அந்த மருமகள் எந்த ஆராய்ச்சியையும் படிக்கவில்லை. வெல்லம் போட்டால் மாமனார் இரண்டாவது கிண்ணம் கேட்பார் என்பது அவளுக்குத் தெரியும்.

அப்படியானால் கம்பும் கேழ்வரகும் எதில் குறைந்தன? ஒன்றிலும் இல்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம். ஓட்ஸில் அதில் ஆறில் ஒரு பங்குகூட வராது. கம்பில் நார் ஓட்ஸுக்குச் சமம், இரும்புச்சத்து 100 கிராமுக்கு ஆறு மில்லிகிராமுக்கு மேல். புரதத்தில் ஓட்ஸ் சற்று முந்தும். அந்தக் கரையும் நாரில் மட்டும் ஓட்ஸ் தனி. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியது, அதுவும் இந்தியா கேட்டு. கண்காட்சி நடந்தது, கேழ்வரகு லட்டு செய்து காட்டினார்கள், மேடையில் பேசினார்கள். கம்பு மாவு கசக்கும் என்கிற சின்ன விஷயத்தை எந்த மேடையிலும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. கடைக்காரர் கம்பு மாவைக் கையில் எடுக்கத் தயங்குவது அந்தக் கசப்பால்தான்.

அதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. கம்பைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கியெடுத்து உலர்த்தினாலோ ஆவியில் வேகவிட்டு உலர்த்தினாலோ நொதி அடங்கிவிடும், மாவு பல வாரம் தாங்கும் என்று உணவு ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். ஓட்ஸுக்கு ஆலையில் செய்கிற அதே ஆவி வைத்தியம்.

ஆவி என்றதும், முந்திரிக்கொட்டையை ஆவியில் அவிக்கிற காடாம்புலியூருக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த ஊர்ப்பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்துப் போட்டது. தாத்தா காலத்துப் பலாக்கள் ஒரே ராத்திரியில் போயின. அதற்குப் பிறகு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 போன்ற ஒட்டு முந்திரிகளை நட்டுத்தான் மறுபடி தலையெடுத்தார்கள். கொட்டை உடைக்கிற தொழில் நிற்கவில்லை. வெளியூர்க் கொட்டையும் வந்து இங்கே உடைபடுகிறது. பச்சைக்கொட்டையை அப்படியே வெட்டினால் பருப்பு நொறுங்கும், பால் தெறிக்கும். அதனால் பாய்லர் வைத்து ஆவியில் அவித்து, ஆறவிட்டு, பிறகுதான் வெட்டுகிறார்கள். பாய்லருக்கு எரிபொருள் பெரும்பாலும் முந்திரி ஓடேதான்.

ஆக, காடாம்புலியூர்ப் பக்கத்தில் ஆவி இருக்கிறது. அந்த ஆவிக்குச் செலவில்லாத எரிபொருள் இருக்கிறது. உலர்த்தக் களம் இருக்கிறது, தரம் பிரித்துப் பழகிய கைகள் இருக்கின்றன, பாக்கெட் போட்டுப் பம்பாய்வரை அனுப்பத் தெரிந்த வியாபாரிகள் இருக்கிறார்கள். மானாவாரி நிலத்தில் கம்பு விதைக்கிறவர்கள் மாவட்டத்தில் இன்னும் மிச்சமிருக்கிறார்கள். முந்திரி வரத்துக் குறைகிற மாதங்களில் ஒரு பாய்லர்காரராவது கம்பை ஆவி காட்டி, உலர்த்தி, அவலாக நசுக்கிக் கடைக்கு அனுப்பிப் பார்க்கலாம். ஓட்ஸ் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். நாலரை மணிக்கு எழுந்திருக்கிற மருமகள் எந்தப் பாக்கெட்டை எடுக்கிறாள் என்று பார்த்துவிடலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஆவி பொதுவாக இருக்கலாம், அவிக்கிற பாத்திரம் தனியாக இருக்க வேண்டும். முந்திரிக்கொட்டை அவித்த பாத்திரத்தில் அந்தப் பால் ஒட்டிக்கொண்டிருக்கும். கைத்தோலை உரிக்கிற பால் தொண்டையை விடாது.